பழுது செயினிலா, ரன்னரிலா? ஜிப்பின் வரலாற்றில் ஒரு சொற்சிக்கல்

வட இந்திய வீடுகளில் பள்ளிப் பையின் ஜிப் மூட மறுத்தால் எழும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'சேன் கராப் ஹோ கயீ'. செயின் கெட்டுவிட்டது என்று பொருள். அதே பையைத் தெருமுனையில் அமர்ந்து காலணி தைக்கும் மோச்சியிடம் கொடுத்தால், அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு 'ரன்னர் டீலா ஹை' என்பார். ரன்னர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இரு வாக்கியங்களும் ஒரே பழுதைக் குறிக்கின்றன. முதலாவது அந்தப் பழுதைப் பற்களின் நீண்ட வரிசை முழுவதிலும் வைக்கிறது. இரண்டாவது விரல்நுனி அளவேயான ஓர் உலோகத் துண்டில் வைக்கிறது. முதல் வாக்கியத்தை நம்பும் வீடு பையை எறிந்துவிடுகிறது. இரண்டாவதை அறிந்தவர் குறட்டை எடுக்கிறார்.

எது சரி என்பதற்கான விடை ஜிப்பின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்த வரலாறு பொதுவாகக் கண்டுபிடிப்பாளர்களின் வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. பழுதின் பக்கமிருந்து அதைப் படித்தால் வேறொரு வரிசை புலப்படும்.

தையல் இயந்திரத்தோடு பெயர் இணைந்துபோன எலியாஸ் ஹோவ் 1851இல் ஆடைகளை மூடும் தொடர்பூட்டு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைச் சந்தைக்குக் கொண்டுவர அவர் முயலவில்லை. எனவே பெரும்பாலான நூல்கள் அவரை வாசலில் நிறுத்திவிட்டுச் சிகாகோவுக்குச் சென்றுவிடுகின்றன. அங்கே விட்கோம் ஜட்சன் என்பவர், அழுத்தக் காற்றால் இயங்கும் தெருவண்டிக்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்டவர், 1893 ஆகஸ்ட் 29 அன்று காலணிகளுக்கான ஒரு பூட்டமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கணுக்காலுக்கு மேல் நீளும் அக்காலக் காலணிகளின் பொத்தான்களையும் கயிறுகளையும் ஒவ்வொன்றாக மாட்டும் வேலையை ஒரே இழுப்பில் முடிப்பது அவர் நோக்கம். அவருடைய அமைப்பில் கொக்கிகளும் அவற்றுக்கான கண்ணிகளும் வரிசையாக நின்றன. அவற்றின்மேல் வழிகாட்டித் துண்டு ஒன்றை இழுத்துச் சென்றால் ஒவ்வொரு கொக்கியும் தன் கண்ணியில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டிக்கொள்ள 'வேண்டும்' என்பதிலேதான் சிக்கல் இருந்தது. வழக்குரைஞர் லூயிஸ் வாக்கர் முதலீடு திரட்டி உதவிய அந்த நிறுவனம், 1905 அளவில் 'சி-க்யூரிட்டி' என்ற பெயரில் பாவாடைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் ஏற்ற வடிவம் ஒன்றை விற்றது. பாதுகாப்பைப் பெயரிலேயே ஏந்தி வந்த அந்தப் பூட்டு, அணிந்தவர் குனிந்தாலோ அமர்ந்தாலோ எதிர்பாராமல் திறந்துகொண்டது. சில வேளைகளில் திறக்கவே மறுத்தது. நீர் பட்டால் துருப்பிடித்ததால், துவைப்பதற்கு முன் அதை ஆடையிலிருந்து பிரித்தெடுத்து, ஆடை உலர்ந்தபின் மறுபடி தைக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஜிப்பைப் பராமரித்தல் என்பதன் முதல் வடிவம் இதுதான். அந்த உழைப்பு முழுவதும் துவைக்கும் பெண்களின் கணக்கில் சேர்ந்தது என்பதைக் காப்புரிமை ஆவணங்கள் பதிவு செய்யவில்லை. ஜட்சன் 1909இல் இறந்தார். தன் கருவி பயன்பாட்டில் வேரூன்றியதை அவர் பார்க்கவில்லை.

ஜட்சனின் தோல்விக்கு ஒரு காரணம் அமைப்பு சார்ந்தது. அவருடைய பூட்டில் ஒவ்வொரு கொக்கியும் ஒரு தனி இயந்திரம். ஒவ்வொன்றும் தன் இணையைச் சரியாகப் பிடித்தாக வேண்டும். ஒன்று வளைந்தாலும் வரிசை நின்றுவிடும். பழுது எங்கு வேண்டுமானாலும் நேரலாம். 'செயின் கெட்டுவிட்டது' என்ற வாக்கியம் உண்மையாகப் பொருந்தியிருக்கக்கூடிய ஜிப் அதுவே.

இந்நிலையை மாற்றியவர் கிதியோன் சுண்ட்பேக். 1880இல் சுவீடனில் பிறந்து, ஜெர்மனியில் பொறியியல் பயின்று, 1905இல் அமெரிக்கா சென்ற இவர், அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் ஹொபோக்கன் நகரில் இயங்கிய அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். ஆலை மேலாளர் பீட்டர் ஆரன்சனின் மகள் எல்விராவை மணந்தார். எல்விரா 1911இல் இறந்தார். அந்த இழப்புக்குப் பின் அவர் இரவும் பகலும் வரைபட மேசையிலேயே கிடந்தார் என்ற செய்தி ஜிப் பற்றிய எல்லா எழுத்துகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய முதற்புதுமையும் தோற்றதுதான். 'ஹுக்லெஸ் எண் 1' எனப்பட்ட வடிவத்தில், ஒருபுறத்து உலோகப் பிடிகள் மறுபுறத்து நாடாவின் தடித்த விளிம்பைக் கவ்வின. கொக்கி ஒழிந்தது, ஆனால் கவ்வப்பட்ட துணி விளிம்பு விரைவில் தேய்ந்து பிசிறாயிற்று.

1913இன் இறுதியில் உருவான 'ஹுக்லெஸ் எண் 2' இன்றைய ஜிப்பேதான். 1917 மார்ச் 20 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இருபுறமும் ஒரே வகைப் பற்கள். ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு குழி, மறுமுகத்தில் சிறு மேடு. ஒரு பல்லின் மேடு அடுத்த பல்லின் குழிக்குள் அமர்கிறது. அங்குலத்துக்கு நான்காக இருந்த பூட்டுறுப்புகள் 10 அல்லது 11 ஆயின. பல் எதையும் பிடிப்பதில்லை, கவ்வுவதில்லை. இரு பக்கத்து அண்டைப் பற்களுக்கிடையே சும்மா உட்கார்ந்திருக்கிறது. பற்களை எந்தக் கோணத்தில் சந்திக்க வைப்பது, எப்போது பிரிப்பது என்ற அறிவு முழுவதும் ரன்னருக்குள் குடிபெயர்ந்தது. ரன்னரின் உட்புறம் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவான ஓடை. முன்புறம் இரு வாய்கள், நடுவே ஓர் ஆப்பு, பின்புறம் ஒரே வாய். மூடும்போது இரு வரிசைகளும் முன்வாய்களில் நுழைந்து, பின்வாயின் நெருக்கத்தில் ஒன்றோடொன்று அழுந்திப் பிணைகின்றன. திறக்கும்போது அதே ஆப்பு அவற்றைப் பிளக்கிறது.

இந்த இடமாற்றத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் அங்குலத்துக்கு 10 பற்கள் எனக் கொண்டால், 12 அங்குல ஜிப்பில் இருபுறமும் சேர்த்து 240 பற்கள். ஒருமுறை மூடும்போது ஒவ்வொரு பல்லும் ரன்னரை ஒரே தடவை உரசுகிறது. ரன்னரோ 240 பற்களாலும் உரசப்படுகிறது. எனவே முதலில் தேய்வதும் விரிவதும் ரன்னர். அதன் மேல்தகடும் கீழ்த்தகடும் பின்வாயில் முடி அளவு விலகினாலும் போதும். பற்கள் உள்ளே வந்து, அழுத்தம் பெறாமலே வெளியேறுகின்றன. ரன்னர் மேலே செல்கிறது, அதன் பின்னால் ஜிப் வாய்பிளந்து நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது திறந்து கிடக்கும் பல்வரிசை. காரணம் இருப்பது அதைக் கடந்துபோன துண்டில்.

பெயர்களின் வரலாறு இங்கே குறுக்கிடுகிறது. 'ஹுக்லெஸ்', அதாவது கொக்கியற்றது, என்பது இல்லாத ஒன்றால் அமைந்த பெயர். ஜட்சனின் கொக்கிகள் விளைவித்த அவப்பெயரைத் துடைப்பதற்காக வைக்கப்பட்டது. 1923இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் இந்தப் பூட்டைப் பொருத்திய ரப்பர் மேற்காலணிகளை விற்கத் தொடங்கியபோது அந்தக் காலணிக்கு 'ஜிப்பர்' என்று பெயரிட்டது. விரைந்து செல்லும் பொருளின் ஒலியைக் குறித்த 'ஜிப்' என்ற ஒலிக்குறிப்பிலிருந்து வந்தது அது. காலணியின் பெயர் சில ஆண்டுகளுக்குள் காலணியை விட்டு அதன் பூட்டில் ஒட்டிக்கொண்டது. முதலுக்கு இட்ட பெயர் சினைக்கு ஆகிவந்த இந்த ஆகுபெயரை நிறுவனத்தால் தடுக்க முடியவில்லை. வழக்காடியும், காலணியைப் பொறுத்த உரிமை மட்டுமே அதனிடம் எஞ்சியது.

பிற மொழிகள் வேறு வேறு உறுப்புகளைப் பற்றின. பிரெஞ்சு, இத்தாலியம், ரஷ்யம், சுவீடியம் ஆகியவற்றின் சொற்களில் மின்னல் இருக்கிறது, கண்டது வேகத்தை. ஸ்பானியத்தின் 'கிரெமயேரா' பல்வைத்த சட்டத்தைக் குறித்த சொல். ஜப்பானியத்தின் 'சக்கு' சுருக்குப்பையைக் குறிக்கும் 'கின்சக்கு' என்ற சொல்லிலிருந்து கிளைத்த வணிகப் பெயர். சீனத்தின் 'லாலியன்' இழுக்கும் சங்கிலி. மலையாளப் பேச்சில் 'ஜிப்', முதலெழுத்தின் ஒலிப்பை இழந்து இறுதியெழுத்துக்கு அதைக் கொடுத்து, 'ஸிப்³' போல ஒலிக்கிறது. ஒலியியல் வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கத் தகுந்த பண்டமாற்று. தமிழ் வழக்கம்போல் மெய்யை இரட்டித்து உகரம் சேர்த்து 'ஜிப்பு' என்றது. இந்தியும் வங்கமும் மராத்தியும் 'செயின்' என்ற சொல்லை ஏற்றன.

'செயின்' பிழையான சொல் அன்று. தொழிற்சாலை மொழியிலும் பிணைந்த பல்வரிசைக்கு அதுவே பெயர். டெல்லி சதர் பஜார் போன்ற மொத்தச் சந்தைகளில் செயின் சுருளாகவும், ரன்னர் தனியாகவும் விற்கப்படுகின்றன. வணிகர், தையற்காரர், மோச்சி ஆகியோரின் மொழியில் இரண்டும் இரண்டு பொருள்கள், இரண்டு விலைகள். வீட்டு மொழிக்கு வந்தபோது 'செயின்' முழுமைக்கும் ஆகி, 'ரன்னர்' கடையிலேயே தங்கிவிட்டது. தனிப்பெயர் இல்லாத உறுப்புக்குத் தனிப்பழுது இருக்க முடியும் என்று தோன்றாமற்போவது இயல்பு. சொல் இல்லாவிட்டால் சிந்தனையே இல்லை என்ற பழைய மிகைக்கூற்றை இதற்காகத் துணைக்கழைக்கத் தேவையில்லை. கடைக்காரரிடம் எதைக் கேட்பது என்று தெரியாத வாடிக்கையாளர் புதுப் பை கேட்கிறார் என்ற அளவே இங்குப் போதுமானது.

ரன்னரைச் சரிசெய்யும் முறை எளியது. அவசரம் மட்டும் ஆகாது. முதலில் எல்லாப் பற்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தும் ஜிப் பின்னால் திறந்துகொண்டால் ரன்னரே குற்றவாளி. ரன்னரைத் திறந்த நிலையில் தொடக்க முனைக்குக் கொண்டுவந்து, அதன் பின்வாயின் இடது ஓரத்தில் சிறு குறட்டால் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் சேர்த்து மெல்ல ஓர் அழுத்து. பிறகு வலது ஓரத்தில் அதே அளவு. மூடிப் பார்த்து, தேவையானால் இன்னும் ஓர் அழுத்து. நடுவில் அழுத்தக் கூடாது. முன்வாயில் அழுத்துவதும் பயனற்றது. பித்தளை ரன்னர் வளைந்து கொடுக்கும். மலிவுப் பைகளில் வரும் துத்தநாகக் கலவை வார்ப்பு வளையாது, ஓரளவுக்கு மேல் அழுத்தினால் விரிசல் விட்டு உடையும். உடைந்தால் புது ரன்னர் போடலாம். பழைய ரன்னரின் முதுகில் பொறித்திருக்கும் 3, 5, 8 போன்ற எண்ணைக் கடையில் சொன்னால் போதும். மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிப்பது அந்த எண். எண் ஒன்றாயினும் உலோகப் பல்லுக்கான ரன்னர் நைலான் சுருளுக்குப் பொருந்தாது.

முற்றிலும் அசையாமல் சிக்கிக்கொள்வது வேறு வகைப் பழுது. அதற்குக் காரணம் பெரும்பாலும் உட்துணி. மழைக்கோட்டின் அல்லது பையின் மெல்லிய உள்ளுறை ரன்னரின் வாயில் நுழைந்துவிட்டால், முன்னோக்கி இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் துணியை ஆழத்துக்குள் செலுத்துகிறது. துணியைப் பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொண்டு ரன்னரை வந்த வழியே பின்னோக்கி நகர்த்துவதே வழி. இழுக்கும் நாக்கு உடைந்துபோன ஜிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பல ரன்னர்களுக்குள் சிறிய ஊசி ஒன்று பற்களிடையே இறங்கி நிற்கும். நாக்கைத் தூக்கினால்தான் அது விலகும். நாக்கு இல்லாத ரன்னரை உடம்பைப் பிடித்துத் தள்ளுபவர் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுகிறார். நாக்கு இருந்த வளையத்தில் ஓர் ஊக்கையோ காகிதக் கவ்வியையோ மாட்டி மேலே தூக்கினால் சண்டை முடிந்துவிடும்.

மூன்றாவது வகை இந்தியத் தட்பவெப்பத்துக்கு நெருக்கமானது. மும்பையிலோ சென்னையிலோ புரியிலோ கடற்காற்றில் கிடந்த அலுமினியப் பற்களில் வெண்பொடி படியும். பித்தளையில் பச்சைப் பாசம் பூக்கும். மழைக்காலம் முழுவதும் அலமாரியில் கிடந்த பயணப்பெட்டியைக் கார்த்திகையில் எடுக்கும்போது ரன்னர் நகராது. முதலில் வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கியும். உப்பும் பொடியும் கரைந்து உலர்ந்தபின் மெழுகுவத்தியைப் பற்களின் இருபுறமும் தேய்த்து, ரன்னரைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். உலோகப் பற்களுக்குப் பென்சில் முனையின் கிராஃபைட்டும் உதவும், வெளிர்நிறத் துணியைக் கறுப்பாக்கும் என்பது ஒன்றே குறை. காய்ந்த சோப்புத்துண்டும் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அன்றைக்கு வழுக்கிச் செல்லும்; ஒரு மாதத்தில் தூசியைத் திரட்டிப் பசையாகி, முன்பைவிட இறுகும், துணியிலும் கறை விடும். ஆடைகளை ஜிப் மூடியபடி துவைப்பது இவையனைத்திலும் மலிவான பராமரிப்பு. திறந்து கிடக்கும் பற்கள் துவைப்பான் சுழற்சியில் வளைகின்றன, மற்றத் துணிகளையும் கிழிக்கின்றன.

செயின் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. நடுவில் பல் விழுந்த உலோக ஜிப்பை வீட்டில் மீட்க முடியாது. விழுந்த பல் அடிமுனைக்கு அருகிலிருந்தால் மட்டும், அதற்குச் சற்று மேலே இரு வரிசைகளையும் சேர்த்துத் தடித்த நூலால் பலமுறை தைத்து, அந்தத் தையலையே புதிய அடித்தடையாக்கிக்கொள்ளலாம். ஜிப் ஓர் அங்குலம் குறுகும், பை பிழைக்கும். நைலான் சுருள் ஜிப் இந்த வகையில் பெருந்தன்மையானது. அதற்குத் தனித்தனிப் பற்களே இல்லை, ஒரே இழை சுருளாக ஓடுகிறது. நடுவில் பிளந்தாலும் ரன்னரை அடிவரை கொண்டுபோய் மறுபடி ஏற்றினால் வளையங்கள் தாமே பொருந்திவிடும். சூடான இஸ்திரிப்பெட்டி ஒன்றே அதன் பகை.

ஜப்பானில் ததாவோ யோஷிதா 1934இல் தொடங்கிய நிறுவனம், இன்று ஒய்.கே.கே. என்ற மூன்றெழுத்தாய் உலகெங்கும் ரன்னர்களின் மேல் காணப்படுவது, சுண்ட்பேக்கின் நிறுவனமான டாலனைப் பின்னுக்குத் தள்ளிய கதை வணிக வரலாற்று மாணவர்களுக்கு உரியது. இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. விலை குறையக் குறைய ரன்னரின் உலோகம் மெலிந்தது; பையின் விலைக்கும் பழுதுநீக்கும் கூலிக்கும் இடையிலான தொலைவும் சுருங்கியது. பழுதைப் பொருளின் முடிவாகக் கருதும் பழக்கத்துக்கு 'செயின் போய்விட்டது' என்ற சொல்லாட்சி நன்றாகவே இசைந்தது.

ராபர்ட் ஃப்ரீடெல் 1994இல் வெளியிட்ட, ஜிப் பற்றிய விரிவான ஆய்வுநூலில் கண்டுபிடிப்பாளர்களும் விற்பனையாளர்களும் நிறைந்திருக்கிறார்கள். பழுதுநீக்குவோரின் வரலாறு அதே அளவில் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. இந்திய நகரங்களில் அந்த அறிவைச் சுமப்பவர்களில் பெரும்பகுதியினர் காலணி தைக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கைத்தொழிலைத் தீட்டாகவும் அவர்கள் சொற்களைக் கொச்சையாகவும் ஒதுக்கிய சமூகம், பழுதின் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்லும் வாக்கியத்தையும் அவர்களிடமே விட்டுவிட்டது. தொழிற்சொல் தொகுப்புகளுக்காகக் களப்பணிக்குச் செல்லும் மொழியியல் மாணவர்கள் நெசவையும் மீன்பிடியையும் தேடிப் போகிறார்கள். கல்லூரி வாசலில் குடை, பை, காலணி மூன்றையும் ஒரே கோணிமேல் வைத்துத் தைப்பவரின் சொற்கள் குறிப்பேட்டில் ஏறுவது அரிது. ரன்னர், புல்லர், செயின் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைத் தெருவில் எடுத்து, தொழிற்சாலையின் துல்லியத்தோடு ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உறுப்புக்குப் பங்கிட்டு வைத்திருப்பவர் அவர்.

அவர் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பையைக் கவிழ்த்து, இரு ஓரங்களிலும் ஓர் அழுத்து. ரன்னரை மேலும் கீழுமாக நான்கைந்து முறை ஓட்டிப் பார்க்கிறார். நூலுக்குத் தேய்ப்பதற்காக வைத்திருக்கும் மெழுகுக்கட்டியை எடுத்துப் பற்களின்மேல் ஓர் இழுப்பு. மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பையை நீட்டுகிறார்.